நிழலுக்குக் கட்டின தாலி

சிப்பிமுனைக் கோட்டையை இடித்தவர்கள் அதன் நிழலை இடிக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். பறங்கி கட்டி, ஒல்லாந்தன் பிடித்து, அவனுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரன் வெடிமருந்து வைத்துத் தகர்த்த கோட்டை அது. ஆறு கடலில் விழுகிற இடத்தில், ஊருக்குக் கிழக்கே, மேட்டின் மேல் நின்றது. செங்கல்லை ஊர்க்காரர்கள் சுமந்துபோய் வீடு கட்டினார்கள், கோவில் கட்டினார்கள், மிச்சத்தைக் கொண்டு கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எடுத்தார்கள். மேட்டில் எருக்கஞ்செடியும் ஆட்டுப் புழுக்கையும்தான் மிஞ்சின. ஆனாலும் கடைசிக் கல்லும் போன மறுநாள் காலை கடலுக்குள்ளிருந்து சூரியன் ஏறினபோது, இல்லாத கோட்டையின் நிழல், மதிலும் கொத்தளமும் மதில்மேல் ஈட்டியோடு நடக்கிற காவல்காரனுமாக, மேட்டிலிருந்து மேற்கே நீண்டு, ஓடுகளின் மேலும் ஓலைகளின் மேலும் உலர்த்தின வலைகளின் மேலும் படுத்து, கடைசி வீட்டையும் தாண்டி ஆற்றுத்துறை மணலில் வந்து விழுந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

கருவாடு காயப்போடுகிறவர்கள் காலையை விட்டுவிட்டு மத்தியானத்துக்கு மாறிக்கொண்டார்கள். சண்டைக்காரர்கள், சத்தம் போட்டால் காவல்காரன் நடையை நிறுத்திக் குனிந்து பார்க்கிறான் என்பதால், காலையில் மெதுவாகத் திட்டிக்கொண்டு மிச்சத்தை நிழல் விலகின பிறகு வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் நிழல் மறுபக்கம் திரும்பிக் கடல்மேல் விழுகிறபோது, கரைக்கு வருகிற வள்ளங்கள் அதைச் சுற்றிக்கொண்டு வந்தன. மேகம் மூடி நிழல் விழாத நாட்களில் ஊர் நிம்மதியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை, அன்றைக்கு மதில்மேல் இருக்கிறவர்கள் எங்கே ஒதுங்கினார்களோ, என்ன சாப்பிட்டார்களோ என்று பெண்கள் உலைப்பானை முன்னால் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் ஊர் பயந்தது. வெயில் ஏற ஏற, கரைவலை இழுக்கிற மாதிரி, நிழல் மேட்டை நோக்கிச் சுருங்கும்; மதிலின் விளிம்பு தரையில் பின்வாங்கிக்கொண்டே போகும்; அந்த விளிம்பில் எவன் நின்றுகொண்டிருக்கிறானோ அவன் நிழல் மதில்மேல் நிற்கிற நிழலாகி, மதிலோடு சேர்ந்து போய்விடும். அதனால் சிப்பிமுனைப் பிள்ளைகள் நடக்கப் பழகினதும் கற்றுக்கொள்கிற முதல் பாடம்: ஓரத்தில் நிற்காதே, உட்கார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல அநேகமாக மறந்துவிடுவார்கள்.

சந்தியாகு அந்த ஊருக்கு வந்தது காலையில் முதல் வள்ளத்தில். தூத்துக்குடியில் தோணித் தண்டலாக இருந்து ஓய்ந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் கட்டி ஓட்டின காலத்தில், காற்று வரத் தாமதமானால் காற்றையே கெட்ட வார்த்தையில் வைதவர். இப்போது கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு துண்டு.

"கோட்டை பாக்கவா வந்தீய?" என்றான் வள்ளக்காரன் மிக்கேல்.

"இல்லாத கோட்டையை என்னத்தப் பாக்க. கழியைத் தாங்குவே."

"கோவிச்சுக்கிடாதீய. ஓரத்துல மட்டும் நிக்காதீய. உக்காந்துக்கிடணும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

சந்தியாகு தண்ணீரைப் பார்த்தார். மிக்கேல் கழியை ஊன்றினான்.

எப்படித் தெரியும் என்றால், கல்யாணமான புதிதில் மாதா திருவிழாவுக்கென்று மனைவி கித்தேரியைக் கூட்டிக்கொண்டு இதே துறையில் இறங்கியிருக்கிறார். மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு, வெயில் எங்கே தொடங்குகிறதோ அங்கே போய் நின்று தலை உலர்த்தினாள். அது விளிம்பு. யாரும் சொல்லவில்லை. வள்ளம் நடு ஆற்றுக்கு வந்தபிறகுதான் அவள் மடியில் வெயில் தடையில்லாமல் கிடப்பதையும், பலகையில் அவருடைய நிழல் மட்டும் தனியாக ஆடுவதையும் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அவர் தோணி புறப்பட வேண்டும், திரும்பிப் போக நேரமில்லை. "நிழல்தானளா, போகட்டும்" என்றார் சந்தியாகு. போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நிழல் இல்லாமல் அவள் நன்றாகத்தான் வாழ்ந்தாள். தெரு முதலில் கதவைச் சாத்தியது, அப்புறம் திறந்தது, அப்புறம் அவளுக்கு வேலை வைத்தது. வத்தல் காயப்போட்ட வீட்டுக்காரிகள் காக்கை விரட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள், பாய் நடுவில் நின்றாலும் ஒரு வத்தல்மேல் கூட வெயில் குறையாது என்பதால். பிள்ளைதான் இல்லை. அதற்கு நிழலைக் காரணம் சொன்னவர்களும் உண்டு, சொன்னவர்கள் சந்தியாகுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இப்போது அவள் படுத்துவிட்டாள். படுத்தவள் எழுந்திருக்கவும் இல்லை, போகவும் இல்லை. மழைக்காலம் போய்ப் பனி போய்ப் பங்குனி வெயில் வந்துவிட்டது. சோறு இறங்குவதில்லை, பேச்சு இல்லை, முதுகெல்லாம் புண், ராத்திரி பகல் முனகல். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைச் சாமியார் பூசிவிட்டுப் போனார், மறுபடி வந்து மறுபடி பூசினார். டாக்டர் இந்த நெஞ்சு எதை நம்பித் துடிக்கிறதென்று தெரியவில்லை என்றார். கோவில் உபதேசியார்தான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பாதி ஆளை மேல வாங்கமாட்டாவ வே. மிச்சம் எங்க கெடக்கோ அங்க போய்க் கேளும்" என்றார்.

அதற்காகத்தான் இந்தப் பயணம். நிழலைக் கூட்டிக்கொண்டுபோய் அவள் காலடியில் சேர்க்க வேண்டும். அவள் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

துறை ஓரத்தில் மதலேனம்மாளின் ஆப்பக்கடை. வருகிறவர்களுக்கெல்லாம் ஆப்பத்தோடு கதையும் வைப்பாள். அந்த நேரத்தில் மதிலின் விளிம்பு சரியாகக் கடை பெஞ்சுக்கு முன்னால் மணலில் விழும். மதில்மேல் நிற்கிறவர்கள் தரையில் பனைமரம் மாதிரி நீண்டு கிடப்பார்கள்.

"அந்தாப் பாருங்க, ஈட்டியோட நிக்கது காவக்காரன். பக்கத்துல கூந்தலை விரிச்சுப் போட்டிருக்கது அவன் பொஞ்சாதி. நடுவுல சின்னது, கையப் பிடிச்சிட்டு நிக்குல்லா, அது பிள்ளை. சின்னமேரின்னு நாங்கதான் பேரு வச்சோம்."

சந்தியாகு வாயில் போட்ட ஆப்பத்தை விழுங்கவில்லை. அந்தக் கூந்தலை அவருக்குத் தெரியும். அதை உலர்த்துகிறபோது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிற சாய்ப்பும் தெரியும். வீட்டில் கட்டிலில் கிடக்கிறவளுக்கு மயிர் எல்லாம் கொட்டிப்போயிற்று. இவள் அப்படியே இருந்தாள்.

"பொஞ்சாதின்னா?"

"கேளுங்க. அவ இங்கத்தவ இல்ல, யாரோ வந்தவ. நிழலை விட்டுட்டுப் போயிட்டா. கொஞ்ச காலம் தனியா ஓரமா நின்னா. அப்புறம் பாத்தா ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்காவ. எங்க மாமியா காலம் அது. ஊர்ல குமருக இருக்கு, காலையில கதவைத் தொறந்தா வாசல்ல ஒரு ஆணும் பொண்ணும் ஒட்டிக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்? ஊர்க் கமிட்டி கூடிச்சு. கல்யாணம் பண்ணி வச்சிருவோம்னு முடிவாச்சு. சாமியார் நிழலுக்கு மந்திரம் சொல்லமாட்டேன்னுட்டாரு. உபதேசியாரை வச்சுச் செஞ்சோம். வள்ளந்தாங்குற கழியில தாலியைக் கட்டித் தூக்கிப் பிடிச்சு, அதோட நிழல் அவ கழுத்துல விழுகுற வரைக்கும் ஆம்பிளைக கை மாத்தி மாத்திப் பிடிச்சாவ. விழுந்ததும் கொலவை போட்டோம். அவ குனிஞ்சா பாருங்க, அழுதிட்டோம். ஊருக்கே கறிச்சோறு. எல்லாம் முறையா நடந்தது, பொண்ணு வீட்டு ஆளுக யாரும் வரல, அது ஒண்ணுதான் குறை."

சந்தியாகு துண்டால் வாயைத் துடைத்தார்.

"வந்தாச்சு" என்றார்.

"யாரு?"

"அவ புருஷன்."

மதலேனம்மாள் சட்டுவத்தைக் கீழே வைத்தாள். கல்லில் கிடந்த ஆப்பம் கருகியது. கழுத்தில் ஏற்கெனவே ஒரு தாலி கிடந்தால் நிழலில் அது எப்படித் தெரியும். இத்தனை காலத்தில் ஊரில் ஒருத்தருக்கும் அந்த யோசனை வரவில்லை.

கோவில் முன்னால் பூவரச மரத்தடியில் கமிட்டி கூடியது. தலைவர் கஸ்பார் மீன் ஏலம் கூறுகிறவர், தொண்டை பெரிது; ஆனாலும் அங்கே இன்னும் நிழல் விலகாததால் காதோடு பேசுகிற மாதிரிப் பேசினார்.

"தப்புதான். எங்கய்யா காலத்துல நடந்த தப்பு. தெரிஞ்சு செய்யல."

"தப்பு ரைட்டு கேக்க வரல. அவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"எப்படிக் கூட்டிட்டுப் போவீய? கட்டிக் கொடுத்த பிள்ளை."

"யாரு பொண்டாட்டியை யாருவே கட்டிக் கொடுத்தது?"

 காப்பி வந்தது. காவல்காரன் பிறந்து வளர்ந்த வீடு எதுவென்று தெரியாததால் கல்யாணத்தன்று ஊரே மாப்பிள்ளை வீடாக நின்றது. அந்த முறையில் பார்த்தால் இந்த மனிதர் பெண் வீட்டுச் சம்பந்தி. பெண்ணுக்குப் புருஷன் என்று பார்த்தால் ஊருக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்று பார்த்தால் காவல்காரனுக்கு என்ன முறை. கஸ்பார் காப்பி தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னே தெரியல" என்றார் கடைசியில்.

"கூப்பிட வேண்டாம். வழியை விடுங்க."

மறுநாள் விடிந்ததும் சந்தியாகு துறை மணலில் இறங்கி விளிம்பில் நின்றார். பின்னால் ஊர் நின்றது. அவர் நிழல் அவர் காலடியிலிருந்து எழுந்து, கூனும் கம்புமாக, மதில்மேல் அவள் நிழலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ஒரு காவல்காரன், நடுவில் தலை உலர்த்துகிற பெண். நல்ல வெயில், ஆனாலும் அவர் உள்ளங்கால் சில்லிட்டது. எங்கிருந்தோ பழைய வெடிமருந்து வாடை வந்தது.

"கித்தேரி. கெளம்பு" என்றார்.

அவள் கிளம்பிவிட்டாள். யோசிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வருகிற மாதிரியே, பிள்ளையின் கையை விட்டுவிட்டு, மதிலை விட்டு இறங்கி, வெயிலில் தனியாக மணலில் விழுந்து, அவருக்கு ஓரடி பின்னால் வந்து நின்றாள்.  சந்தியாகு முன்னால் நடந்தார், அவள் பின்னால் வந்தாள். மதில்மேல் சின்னது அவர்களுக்குச் சமமாக ஓடியது, கொத்தளம் முடிகிற இடம் வரைக்கும் ஓடியது, அதற்குமேல் மதில் இல்லாததால் நின்றது.

வள்ளத்துக்குப் போகிற வழியில் பாதியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா, எந்திரி."

எழுந்திருக்கவில்லை. வள்ளத்தின் பக்கமும் வரவில்லை, மதிலின் பக்கமும் போகவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு நட்ட நடு மணலில் ஒரு கறுப்பாக உட்கார்ந்திருந்தாள். தோணி தாழ்கிற அளவுக்குச் சரக்கு ஏற்றினவர் சந்தியாகு; ஒரு நிழலைத் தூக்க அவருக்கு வழி தெரியவில்லை. கம்பால் மணலைத் தட்டினார், வைதார், கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தார். வெயில் ஏறியது. கோட்டை பின்வாங்கத் தொடங்கியது. கொத்தளத்தில் நின்ற சின்னது, கையை இந்தப் பக்கம் நீட்டினபடியே, கடைசி வீட்டுக்கும் அப்பால் இழுபட்டுப் போனது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது, வீட்டில் கட்டிலில் கிடக்கிறவளும் பிள்ளையை விட்டுப் போகமுடியாமல் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று.

"நீ என்ன செய்யணும்னு நெனைக்க?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை அவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டபிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது. நிழலுக்கு வாய் ஏது.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"போ. பிள்ளை நிக்கு."

அவள் எழுந்து மணலிலும் வாசல்களிலும் வேலிகளிலும் விழுந்து எழுந்து ஓடின ஓட்டத்தை ஊர் பார்த்தது. சந்தியாகு பார்க்கவில்லை. மிக்கேலிடம் போனார்.

"பெரிய வள்ளம் இருக்கா வே? கட்டில் ஏறணும்."

அடுத்த நாள் சாயங்காலம் கித்தேரி கயிற்றுக் கட்டிலோடு ஆற்றைக் கடந்தாள். துறையில் ஊர் முழுக்கக் காத்திருந்தது. என்ன முறை என்று முடிவாகாததால், பெண் வீட்டாருக்குக் கொடுக்கிற பானக்கமும் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற பாலும் இரண்டும் வைத்திருந்தார்கள். சந்தியாகு இரண்டையும் தொடவில்லை. மதலேனம்மாள் கித்தேரியின் புண்ணுக்கு எண்ணெய் போட்டு, அவள் முகத்தைத் துடைத்து, "எப்படி இருந்தவ" என்றாள், நேற்றுவரைக்கும் பார்த்த மாதிரி. பார்த்துத்தான் இருந்தாள், தினமும்.

காலையில் நாலு பேர் கட்டிலைத் தூக்கிப்போய் விளிம்பில் வைத்தார்கள். கட்டிலின் நிழல் மதில்மேல் எழுந்தது, மேலே ஆள் இல்லாத கட்டிலாக. காவல்காரன் ஈட்டியைத் தாழ்த்திவிட்டு, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். மதில்மேல் பெரியவள், கித்தேரியின் நிழல், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டில் ஓரம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, கட்டில் நிழலுக்குள் ஏறிப் படுத்தாள். பிள்ளை தலைமாட்டில் நின்றது.

கித்தேரி கண்ணைத் திறந்தாள். மாசக் கணக்கில் பேசாதவள்.

"பிள்ளை யாரு சாடை?" என்றாள்.

சந்தியாகு குனிந்து தரையைப் பார்த்தார். நிழலில் முகம் ஏது.

"உன் சாடைதான்."

"மூக்கு?"

"உன் மூக்குதான்."

"நல்லதாப் போச்சு" என்றாள். கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தரையில் அந்தக் கையின் நிழல் பிள்ளையின் தலைமேல் விழுந்தது. மதில் நகரத் தொடங்குமுன்னே அவள் போய்விட்டாள்.

அன்றைக்கே அடக்கம். பெட்டி கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் பெட்டிக்குள் ஆள் இருக்கிற கனம் அதன் நிழலிலும் இருந்ததாகத் தூக்கினவர்கள் சொன்னார்கள். முழுசாகப் போனாள். சந்தியாகு வந்த வேலை முடிந்தது. விடிந்ததும் வள்ளத்தைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, ஆப்பக்கடை பெஞ்சில் படுத்தார்.

அவரை எழுப்பினது ஒப்பாரி. நேற்று அடக்கத்தில் அடக்கமாக அழுத பெண்கள், இன்றைக்குத் துறை மணலில் தலையை விரித்துப்போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். மதில்மேல் காவல்காரன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு அந்த வேலையை விட்டால் ஒன்றும் தெரியாது. நடுவில் சின்னது தனியாக நின்றது. நேற்றுக் கட்டில் கிடந்த இடத்தைக் குனிந்து குனிந்து பார்த்தது. ஒருத்தி கழியில் ஆப்பத்தைக் கட்டித் தூக்கிப் பிடித்தாள். ஆப்பத்தின் நிழல் பக்கத்தில் விழுந்தும் அது வாங்கவில்லை.

"தாயத்த பிள்ளையா ஆக்கிட்டோமே" என்றாள் மதலேனம்மாள்.

"அழாதீயளா. சவம், காலங்காத்தால" என்று எரிந்து விழுந்துகொண்டே சந்தியாகு எழுந்தார். வள்ளத்தைப் பார்த்தார். மிக்கேல் கழியோடு நின்றான். சந்தியாகு மணலில் இறங்கி, விளிம்பில் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூனும் கம்புமாக அவர் நிழல் மதில்மேல் எழுந்து சின்னதுக்குப் பக்கத்தில் நின்றது. சின்னது பார்த்தது. கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் கம்பின் நடுப்பாகத்தைப் பிடித்துக்கொண்டது.

"நான் யாருன்னு உனக்குத் தெரியாது" என்றார். "எனக்கும் சரியாத் தெரியல. உங்கம்மாவுக்குச் சொந்தம்னு வச்சுக்க."

வெயில் ஏறியது. மதில் நகரத் தொடங்கியது.

"மாமா, உக்காருங்க" என்று மதலேனம்மாள் சொன்னாள். கஸ்பாரும் சொன்னார். அப்புறம் ஊரே சொன்னது. சந்தியாகு உட்காரவில்லை. விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க, தரையில் இருந்த பிள்ளையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கம்பை அதன் கையிலிருந்து உருவாமல், அவரும் அடி அடியாகப் பின்னோக்கியே நடந்தார். துறை மணலை விட்டுக் கடைசி வீட்டு வாசலுக்கு, வாசலிலிருந்து கிணற்றடிக்கு, கோவில் முகப்பைக் கடந்து, காய்கிற வலைகளின் நடுவே, பின்பக்கம் பார்க்காமல் நடக்கிற கிழவர் தடுக்கி விழாதபடிக்கு ஆட்கள் அவருக்குப் பின்னால் கட்டிலை ஒதுக்கினார்கள், உரலை உருட்டினார்கள், ஆட்டை அவிழ்த்தார்கள், அடுப்பைக்கூட ஒருத்தி தண்ணீர் ஊற்றி அணைத்து நகர்த்தினாள். உச்சி வேளையில் அவர் மேட்டின்மேல் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே நின்றார். கோட்டை அவர் பாதத்துக்குக் கீழே சுருங்கி, இல்லாமல் போனது.

அவர் கீழே இறங்கித் துறைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எல்லார் காலடியிலும் நிழல் நீண்டிருந்தது. அவர் காலடியில் வெறும் மணல்.

மிக்கேல் அதைப் பார்த்தான்.

"தண்டல், என்ன காரியம் செஞ்சீய. உங்களுக்கு ஒண்ணுன்னா நீங்களும் போகமுடியாமக் கெடப்பீயளே. அந்தப் பிள்ளை என்னைக்கு வளந்து, என்னைக்கு ஆளாகி உங்க நிழலை விடப்போவுது. அங்கெல்லாம் நேரம் மெதுவாத்தான் போகும்."

சந்தியாகு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தார். கம்பைக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"வளரட்டும் வே" என்றார். "எனக்கு என்ன அவசரம்."